குளத்து நீரில் உங்கள் செடி

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கப் பாசி வாடை அடிக்கிறது, அக்கா. சன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிறது. இந்த வாடை வந்தாலே பக்கத்து வீட்டில் இருந்த உங்கள் மொட்டைமாடிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அங்கே சிமெண்டுத் தொட்டிகளில், மீன்தொட்டிக் கடைகளுக்காக வெளிநாட்டு நீர்ச்செடி வளர்த்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அண்ணன் இறந்தபிறகு அதுதான் உங்களுக்குப் பிழைப்பு. வெட்டிக் கழித்த தண்டுகளை ஒருநாளும் குப்பையில் போட்டதில்லை. "இதுக்கும் ஜீவன் உண்டுடீ, குப்பைல இடலாமா?" என்று வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தில் விட்டுவிட்டு வருவீர்கள். புண்ணியம் என்றே நினைத்தோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், குளிக்க இறங்கிய எதிர்வீட்டுச் சேச்சியின் காலில் கொடி சுற்றிக்கொண்டது. இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது; எப்படியோ பிழைத்துக்கொண்டார். அன்றுதான் எல்லோரும் குளத்தை உற்றுப் பார்த்தோம். தண்ணீருக்கு அடியில் கரைக்குக் கரை ஒரே பச்சை. அதன்பிறகு நான் அதில் கால் நனைக்கவே இல்லை.

மறுநாள் ஈரத்துணியில் பொதிந்து உங்கள் தொட்டிச் செடி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். "எனக்குப் பேடியா, பயமா இருக்குடீ. குளத்துல கிடக்குறது நம்ம செடியா, நாட்டுப் பாசியான்னு நோக்கிச் சொல்லு."

குளத்தில் எடுத்தது பூவில்லாமல், நார்நாராகக் கிழிந்திருந்தது. கண்ணால் எதுவும் சொல்ல முடியவில்லை. நான் வேலை பார்த்த எறணாகுளத்து ஆய்வுக்கூடத்தில் அப்போதுதான் மரபணுவை வைத்து நீர்க்களைகளை அடையாளம் காணத் தொடங்கியிருந்தார்கள். மேலதிகாரி சாரிடம் கெஞ்சி இரண்டையும் பரிசோதிக்கக் கொடுத்தேன். வாசல் பெஞ்சில் முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இனத்துக்கு இனம் வேறு மட்டத்தில் விழும் மரபணுக் கோடுகள் ஊதா வெளிச்சத்தில் தெரிந்தன. உங்கள் செடியின் கோடும் குளத்துச் செடியின் கோடும் ஒரே மட்டத்தில் நின்றன.

"ஒரே இனம்னுதான் இது சொல்லும், அக்கா. யார் விட்டதுன்னு சொல்லாது. மீன்தொட்டி வச்சிருக்கிறவங்க எத்தனையோ பேரு..."

"மெஷின் சொல்லாது. எனக்குத் தெரியாதா?" என்றீர்கள்.

அந்த வாரமே தொட்டிகளையெல்லாம் கவிழ்த்து, செடிகளை மாடி வெயிலில் காயப்போட்டீர்கள். பிறகு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனீர்கள். குளத்தை ஆள் வைத்து வாரினார்கள். ஆனால் ஒரு கணு மிஞ்சினாலும் அது திரும்ப முளைக்கும். அதனால் ஆண்டுதோறும் மழைக்கு முன் குளத்தைச் சோதிப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலையாயிற்று. நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகும், என்னைக் கண்டதும் முதலில் கேட்பது "போயிருச்சா?" என்றுதான். "இன்னும் இருக்குக்கா" என்பேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். அந்தப் பதிலோடுதான் கண்ணை மூடினீர்கள்.

இப்போதெல்லாம் செடியைப் பிடுங்கவே வேண்டாம், தண்ணீரை வடிகட்டினாலே அதன் தடயம் தெரிந்துவிடும். இன்று முதல்முறையாகக் கோடு விழவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் சோதனையை மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன், கோடு இல்லை. அப்படியும் மனம் ஆறவில்லை. நாளை புதுத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். சேச்சிக்கு வந்த ஆபத்து இன்னொருவருக்கு வந்துவிடக் கூடாதே என்ற உங்கள் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது, அக்கா. செடி போய்விட்டது என்று எந்த மெஷின் சொன்னாலும் அந்தப் பயம் போகமாட்டேன் என்கிறது.