கட்டை விரலுக்குக் கீழே இருந்த எண்

ஜூன் 2, செவ்வாய்

இன்றைக்கும் ஆஸ்பத்திரி விரிப்புகள் மலையாக வந்து இறங்கின. சூடான ரோலருக்குள் நான் ஈர விரிப்பைக் கொடுக்கிறேன், அந்தப் பக்கம் குண்டூசி வாங்கி மடிக்கிறாள். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும், அதனால் அந்தப் பெயர். பதினொரு வருஷமாக இந்த லாண்டரியில் என் எதிரே நிற்கிறாள். தலைக்கு மேலே நீராவிக் குழாய் கசிகிறது. சூட்டை வெளியே தள்ளுகிற விசிறி போன வருஷமே செத்துப்போச்சு. மேனேஜரிடம் கேட்டால், "வெயில் காலத்துல வெயில் அடிக்காம பனியா கொட்டும்?" என்கிறார். அவர் அறையில் ஏசி.

மகள் வாங்கித் தந்த வெப்பம் பார்க்கிற கருவியைத் தோள் உயரத்தில் தொங்கவிட்டேன். 39. கீழே சின்னதாக 64 என்று இன்னொரு எண், அது எதற்கோ. வெறும் முப்பத்தொன்பதா? நாங்கள் வெந்து சாகிறோம், இது காய்ச்சல் கணக்கு சொல்கிறது!

ஜூன் 3

படம் எடுத்து மகளிடம் கொடுத்தேன். 51. "என் அம்மா வேலை செய்யும் இடம். கேட்பது ஒரு விசிறி" என்று எழுதி வலைத்தளத்தில் போட்டுவிட்டாள். நாங்கள் நிற்கிற இடத்தில் எடுத்ததுதான்.

ஜூன் 5, வெள்ளி

ஆறாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். மகள் கீழே வந்ததைப் படித்துக்காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். போனைப் பிடுங்கி நானே படித்தேன்.

"அந்தக் காலத்துல இதைவிட வெயில்ல கல்லு உடைச்சாங்க." உடைத்தது நீயா? "உடம்பு வணங்கி வேலை செய்யாதவங்களுக்கு வெயில் ஒரு சாக்கு." "பருவநிலை மாற்றம்னு ஒண்ணும் கிடையாது, எல்லாம் காசு பார்க்கற கூட்டம்." ஒருத்தன் பின்னால் தெரிகிற விரிப்பு மடித்திருக்கிற லட்சணம் சரியில்லை என்கிறான். வாடா, வந்து மடி.

நமக்குப் பரிந்து பேசுகிறவர்கள் அதற்கு மேல். "இன்னும் பத்து வருஷத்துல எல்லாரும் சாகப்போறோம்" என்று ஒருத்தி ஒப்பாரி. "பூமித்தாய் கதறுகிறாள்" என்று ஒருவர் கவிதை. பூமித்தாய் இருக்கட்டும்யா, நாலு நாளாகக் குண்டூசிக்குத் தலை சுற்றுகிறதே! எந்த லாண்டரி, விசிறி போட்டார்களா என்று ஒருத்தர் கேட்கவில்லை.

மகள் ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறாள்: "எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

ஜூன் 6

அந்தப் படத்தை மகள் தொழிலாளர் அலுவலகத்துக்கும் புகாராக அனுப்பியிருந்தாள். அங்கிருந்து போன். செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வருகிறாராம். "பெரிய புள்ளி ஆயிட்டடி. அந்த ஆளு வர்ற அன்னிக்காவது தலை வாரிட்டு வா" என்றாள் குண்டூசி.

ஜூன் 8, திங்கள்

'ஏசி மெக்கானிக்' என்ற பெயரில் ஒருத்தன் எழுதியிருக்கிறான்: "படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. கருவி தொங்கல, மெஷின் மூடி மேல உக்காந்திருக்கு. சுடற இரும்பு மேல வச்சா 51 என்ன, 80 கூட காட்டும். கீழ ஈரப்பதம் காட்டற நம்பரை வேற கட்டை விரலால மறைச்சிருக்காங்க."

எவன்டா நீ? உன் வீட்டு ஏசியை உடைச்சேனா? உன் சோத்துல மண்ணைப் போட்டேனா? இத்தனை கண்ணை வச்சுக்கிட்டு அந்தக் கசியற குழாயைப் பார்க்கலியே!

அதன் கீழே நாலாயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள்.

"அம்மா, மூடி மேலயா வச்ச?" என்று கேட்டாள் மகள். "உனக்கு வேற வேலை இல்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

ஜூன் 9

ஆய்வாளர் வந்தார். மெக்கானிக் எழுதியதை மேனேஜர் காகிதத்தில் எடுத்துத் தயாராக வைத்திருந்தார். இரண்டு பேரும் ஏசி அறையில் பத்து நிமிஷம். எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போகும்போது என்னிடம், "பொய்ப் புகாருக்கெல்லாம் வர எனக்கு நேரமில்லம்மா" என்றார்.

குண்டூசி நான் தலை வாரியிருக்கிறேனா என்று பார்த்தாள்.

ஜூன் 11, வியாழன்

குண்டூசி விழுந்துவிட்டாள்.

மதியம் இரண்டு மணி. நான் கொடுத்த விரிப்பு அந்தப் பக்கம் போய்த் தரையில் குவிந்தது. ஏய், மடிடி என்று கத்தினேன். கத்தித் தொலைத்தேன். எட்டிப் பார்த்தால் கிடக்கிறாள். உடம்பு நெருப்பு. என்னைப் பார்த்து யார் நீ என்கிறாள். தண்ணீரில் கிடந்த விரிப்புகளை உருவிச் சுற்றினோம். வண்டி வர இருபது நிமிஷம் ஆனது.

ஜூன் 12

ஆமாம். மூடி மேல்தான் வைத்தேன். இந்த நோட்டில்கூட எழுதக் கை வரவில்லை. யாருக்குப் பயந்தேன், இதை யார் படிக்கிறார்கள்?

39 என்றால் எவன் மதிப்பான் என்று நினைத்தேன். மூடி மேல் வைத்ததும் பெரிய எண் ஏறியது, கீழே இருந்த 64 மடமடவென்று முப்பத்தைந்துக்கு இறங்கியது. அது என்ன எண் என்று தெரியாது. காட்டிக்கொடுக்குமோ என்று விரலை வைத்தேன். என் விரல்தான் அந்த ஆய்வாளரை வாசலோடு திருப்பி அனுப்பியது. அவர் உள்ளே வந்து நின்றிருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள்.

மகளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டேன்மா" என்றாள், அவ்வளவுதான். பிறகு நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள்: "51 பொய். நிஜம் 39, கீழே 64. பொய் சொன்னது நான், என் மகள் இல்லை. என்னோடு வேலை செய்கிறவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்."

ஜூன் 13, சனி

வாங்கிக் கட்டிக்கொண்டேன். "39தானா? எங்க மொட்டை மாடியே 42." போன வாரம் 51ஐ நம்பாதவர்களுக்கு இன்று 39 போதவில்லை! உள்ளே தள்ளச் சொல்கிறான் ஒருத்தன். பூமித்தாய்க் கவிஞர் என்னைத் துரோகி என்கிறார். கிடக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒரு நாதியில்லை.

மெக்கானிக் மட்டும் கேட்டான்: "64ங்கறது நிஜமா? தொங்கவிட்டுப் பார்த்ததா?"

ஆமாம்டா, இன்னும் என்ன வேணும் உனக்கு என்று எழுதினேன்.

"அப்ப அது வெறும் 39 இல்லம்மா. காத்துல அவ்வளவு ஈரம் இருந்தா வேர்வை காயாது, உடம்பு ஆறாது. உடம்புக்கு அது ஐம்பத்தஞ்சையும் தாண்டும். 51னு நீங்க கொறைச்சுதான் சொல்லியிருக்கீங்க. அவங்க எப்படி இருக்காங்க?"

மூன்று தடவை படித்தேன். அடிப்பாவி! நிஜத்தைச் சொல்லியிருந்தாலே போதுமாம். அந்த எண் இருந்த இடத்தின் மேலேயே விரலை வைத்து மூடியிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 15, திங்கள்

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். "மறுபடியுமா?" என்றார் ஆய்வாளர். ஆஸ்பத்திரிச் சீட்டை மேசையில் வைத்தேன்.

"பொய் சொன்னது நான் சார், விழுந்தது அவ. என்மேல என்ன வேணா எழுதிக்கங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து ரெண்டு நம்பரையும் நீங்களே பாருங்க."

சீட்டை இரண்டு முறை படித்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 17

வந்தார். அவருடைய கருவியைக் குண்டூசி நின்ற இடத்தில் தொங்கவிட்டார். 40. 66. ஏழு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேனேஜர் ஓடி வந்து பழைய காகிதத்தை நீட்டினார். ஆய்வாளர் அதை வாங்கி விசிறிக்கொண்டார்.

ஜூன் 24, புதன்

புது விசிறி. குழாய்க் கசிவை அடைத்தாயிற்று. மதியம் அரை மணி நேரம் ஓய்வு. மேனேஜர் என்னை ரோலரிலிருந்து எடுத்து அழுக்குத்துணி பிரிக்கப் போட்டுவிட்டார். பேரைக் கெடுத்ததற்குத் தண்டனையாம். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. போகட்டும்.

வலைத்தளத்தில் விசிறியின் படத்தைப் போட்டாள் மகள். பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஜூன் 28, ஞாயிறு

குண்டூசி வீட்டுக்கு வந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். இனிமேல் சூட்டில் நிற்கவே கூடாதாம். கையில் டம்ளர் ஆடுகிறது. பேச்சு இழுக்கிறது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த வாயா இது! மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என் இடத்துல... இப்ப... எவ்வளவு காட்டுது?"

"தெரியலடி. நான் இப்ப அந்தப் பக்கமே இல்ல."

"படம்... எடுத்து அனுப்பு." வெகுநேரம் ஆனது. நான் காத்திருந்தேன். "வெரலை... எடுத்துட்டு... எடுடி."

ஜூன் 29

மதியம் 2 மணி. குண்டூசி நின்ற இடம். தோள் உயரம், தொங்கவிட்டு எடுத்தது. 33. 47.

அனுப்பிவிட்டேன். இரண்டு எண்ணும் தெரிகின்றன.