ஓக்கு மரத்துல எத்தனை ஜாதி

குத்தாலம்,
14-9-1998

என் கண்ணு தம்பிக்கு,

அத்தை எழுதுறேன். அம்பாள் புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியம். வாய்க்கால்ல தண்ணி வந்து, சம்பாவுக்கு நாத்து விட்டாச்சு. பஸ்ஸுலேருந்து பெட்டியோட யாரு எறங்கினாலும் நீதானோன்னு நின்னுடறேன்.

நீ அமெரிக்கா போனதே ஓக்கு மரத்தப் படிக்கத்தான், அதுக்காகக் கடுதாசி முழுக்க மரமா? நானூறு அஞ்ஞூறு ஜாதி இருக்காமே! வெள்ளை ஓக்குக்கு எல ஓரம் உருண்டையா இருக்கும், செவப்பு ஓக்குக்கு முள்ளா நீட்டிக்கிட்டிருக்கும்னு எழுதியிருந்ததையெல்லாம் உங்க அப்பாவுக்குச் சத்தமா படிச்சேன்.

"வெள்ளை ஓக்குலயே பல ஜாதி. பக்கத்துல பக்கத்துல நின்னா ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், அத்தை. அதத் தப்புன்னு இங்க யாரும் சொல்றதில்ல"ன்னு எழுதுனியே, அந்த எடத்த ரெண்டு தரம் படிச்சேன். லீவு இல்ல, லீவு இல்லன்னு நாலு வருஷமா நீ வராததுக்கு லீவு காரணமில்லன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

உங்க அப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. அப்பறம், "கலந்த மரம் காய்க்குமாமா?"ன்னாரு.

"நல்லாவே காய்க்குமாம்ணே."

"அப்ப ரெண்டும் எதுக்கு அங்கயே நிக்குது? கெளம்பி வரச் சொல்லு"ன்னுட்டு வயலுக்குப் போயிட்டாரு.

மரத்த வரச் சொல்ற மனுஷன் அவரு இல்லன்னு உனக்கே தெரியும். பொங்கலுக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க.

வெள்ளிக்கெழமையில உன் பேருக்கு மட்டுந்தான் அர்ச்சனை பண்ணிக்கிட்டிருக்கேன். அவ பேர எழுதி அனுப்பு. நட்சத்திரம் இல்லாட்டிப் பரவாயில்ல, குருக்கள்கிட்ட நான் பேசிக்கறேன்.

உன்ன எதிர்பாத்துக்கிட்டிருக்கிற
அத்தை