வேற்று ரத்தம்

திருவையாறு,
தை 12.

அன்புத் தங்கை ஈஸ்வரிக்கு அண்ணன் தியாகராசனின் ஆசீர்வாதம். சிங்கப்பூரில் மாப்பிள்ளையும் நீயும் ஓவியாவும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் கடிதத்துக்கு வந்துவிட்டேன். என் கையெழுத்து எனக்கே புரியாது, நான் சொல்லச் சொல்ல விஜயலட்சுமி எழுதுகிறாள். அடுத்த வாரம் அங்கே வரும் ஹாஜா மைதீனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சம்பா அறுப்பு பாதிதான் ஆகியிருக்கிறது. கதிர் சாய்ந்து, வயல் ஈரம் காயாமல், மெஷின் இறங்க மாட்டேன் என்கிறது. விவசாயம் இந்த லட்சணத்தில் இருப்பதால் பாம்புதான் சோறு போடுகிறது. சிரிக்காதே. ஆப்பிரிக்க மலைப்பாம்பு, வனத்துறையில் முறைப்படி பதிந்து, நெல் கொட்டும் அறையில் பெட்டி பெட்டியாக வளர்க்கிறேன். வெள்ளைக் குட்டிக்குத்தான் கிராக்கி. அந்த நிறம் கலையக் கூடாது என்று மகளைத் தகப்பனோடும் தங்கையை அண்ணனோடும் சேர்த்தேன். முதல் இரண்டு தடவை ஜோராக வந்தது.

மூன்றாம் தடவை ஏழு முட்டை. இரண்டு அழுகிவிட்டது. பொரித்ததில் ஒன்றுக்குக் கண்ணே இல்லை. இரண்டுக்கு முதுகெலும்பு கோணல். மற்ற இரண்டும் தலையை மல்லாக்கத் திருப்பிக்கொண்டு சுற்றின, எலிக்குஞ்சை முன்னால் காட்டினாலும் காற்றைத்தான் கடித்தன. ஐந்தையும் துணிப்பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். விஜயலட்சுமி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். பைத்தியக்காரி. விலை போகாததை மடியில் போட்டுத் தாலாட்டவா முடியும்?

பெங்களூரில் பாம்பு விற்கிறவரிடம் கேட்டேன். ஒரே ரத்தத்தையே திரும்பத் திரும்பச் சேர்த்தா இப்படித்தாங்க ஆகும், வேத்து ரத்தம் கொண்டாங்க என்றார். அன்றைக்கே சம்பந்தமில்லாத ஆண் ஒன்றை வாங்கிவிட்டேன். இனி என் வீட்டில் அந்தத் தப்பு நடக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். என் பிள்ளை அரவிந்தனுக்கும் உன் பெண் ஓவியாவுக்கும் வைகாசியில் முகூர்த்தம் பார்த்தாகிவிட்டது. யாரோ டாக்டர் சொன்னாரென்று, இரண்டு பேருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தாயே, உனக்குக் கூசவில்லையா? பாம்புக்கு முறை தெரியாது. நமக்குத் தெரியும். அத்தை மகள் அவனுக்கு உரிமை. நானே அக்கா மகள் விஜயலட்சுமியைக் கட்டியவன்தான். எங்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்றால் அது தலையெழுத்து. அரவிந்தன் ராஜா மாதிரி இருக்கிறான். ஆறு மணிக்கு மேல் பைக் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

பெண்ணைத் தர மாட்டேன் என்றால் உனக்குப் பிறந்த வீடு கிடையாது. நான் செத்தாலும் வாசலை மிதிக்காதே. ஆனால் நீ தருவாய், எனக்குத் தெரியும். மூவரும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும் அண்ணன்,
தியாகராசன்.

சித்தி, இனி எழுதுவது விஜயா. மாமா சொன்னதை அப்படியே எழுதிப் படித்தும் காட்டிவிட்டேன். அவர் வயலுக்குப் போய்விட்டார். உறையை ஒட்டப் போவது நான்தான்.

அரவிந்தன் இப்போதெல்லாம் பகலிலேயே தட்டைத் தடவித்தான் சாப்பிடுகிறான். கேட்டால் விளையாட்டு என்கிறான். என் முதல் இரண்டு பிள்ளைகளும் கடைசி வரை தலை நிற்காமலே போனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் குட்டிகளைப் பையில் போட்டுக் கட்டியது நான். மாவுப் பாத்திரத்துக்கு மேலே, ஃப்ரீசரில் வைக்கும்போதும் உள்ளே அசைந்துகொண்டிருந்தன.

என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். இருக்கும் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். ஓவியா இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

என்னைக் கேட்டபோது எனக்குப் பதினெட்டு வயது. தம்பி கேட்கிறானே என்று எங்கள் அம்மா தலையாட்டிவிட்டாள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் சித்தி, அண்ணன் கேட்கிறாரே என்று நீங்களும் ஆட்டிவிடாதீர்கள்.