இளமை மாறாத நட்சத்திரம்

அன்புள்ள அத்தாவுக்கு, ஆசிஃபாவின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? ஜெர்மனியில் நான் சுகம்தான்.

ஆராய்ச்சிக்காக ஒரு நட்சத்திரக் கூட்டத்தை, நட்சத்திரங்களின் வயதைச் சொல்லும் எங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நம்மூர் நிலக்கரிச் சுரங்கத்தில் உங்களோடு வேலைக்குச் சேர்ந்த பேட்ச் மாதிரி, எல்லாம் ஒன்றாகப் பிறந்தவை. ஒன்று மட்டும் வயதுக்குப் பொருந்தாத இளமையோடு மின்னியது. வெளியாள் என்று நீக்கிவிட்டுப் பேராசிரியரிடம் திட்டு வாங்கினேன். அதுவும் அந்தக் கூட்டம்தானாம். பக்கத்து நட்சத்திரம் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துச் சுருங்கிப்போனதால்தான் இது இப்படிப் பளபளக்கிறதாம்.

அதைக் கேட்டதிலிருந்து உங்கள் ஞாபகம்தான், ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. "ரிடையர் ஆயிட்டும் அத்தா காண்ட்ராக்ட்ல நைட் ஷிப்ட் போய்க்கினுதான் இருக்காரு" என்று தம்பி பரீத் சொன்னான். வேண்டாம் அத்தா.

மந்தாரக்குப்பத்தில் மிளகாய்த்தூள் அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் போகவேண்டிய பஸ் வந்துவிட்டது, இத்தோடு முடிக்கிறேன். உங்கள் போட்டோ ஒன்றும் வேண்டும். முகம் மட்டும் போதாது, முழு உருவமும் தெரியவேண்டும்.

உங்கள் மகள்
ஆசிஃபா