நான் உனக்குச் சொன்ன கடல்

இந்த நாட்டில், மல்கிரேவ் என்ற ஊரில், நான் துப்புரவு வேலை செய்யும் அலுவலகத்தின் கூட்ட அறையில் இந்தக் கிழமை புதிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். புயற்கடல். பின்னேரம் ஐந்தரைக்கு எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு அதன் கண்ணாடியைத் துடைக்கப் போனவன், துணியும் கையுமாக அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். வானம் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியாத ஒரு சாம்பல் சுழல். நடுவில் அழுக்கு மஞ்சளாகக் கொஞ்ச வெளிச்சம். அதற்குள் சரிந்துகொண்டிருக்கும் ஒரு கப்பல். நான் வந்த கடல் இதுதான். இதை உனக்கு நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

அங்கே கணினிப் பிரிவில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் மட்டும் பிந்தி வெளிக்கிட்டு, போகிற வழியில் எட்டிப் பார்த்தார். "பிடிச்சிருக்காண்ணா? இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் வரைஞ்சது, ரொம்பப் பழசு. புயல்ல தன்னைப் பாய்மரத்தோட கட்டச் சொல்லி, பார்த்துட்டு வந்து வரைஞ்சாராம். சும்மா விட்ட கதைன்னும் சொல்றாங்க."

"இல்லைத் தம்பி, கண்டவர்தான்," என்றேன்.

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

வாய் தன் பாட்டில் "இல்லை" என்றது. பழகிப்போன வாய்.

இருபத்தொரு நாள் படகில் கிடந்து வந்தவன், முகாமிலிருந்து உனக்கு முதன்முதல் போன் எடுத்தபோது என்ன சொன்னேன்? "கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஒரு கரைச்சலும் இல்லை." நீ அழுதுகொண்டிருந்தாய். அந்த அழுகையை நிற்பாட்ட வேண்டும், வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. பலகை பிளந்ததையும், சட்டைகளைக் கிழித்து அடைத்ததையும், உன் பெயரைச் சொல்லிக் கத்தியதையும் விழுங்கிவிட்டேன். நான் மட்டும் இல்லை. அன்றைக்குப் போனுக்கு வரிசையில் நின்ற அத்தனை ஆண்களும் வீட்டுக்கு அதே குளத்தைத்தான் சொன்னார்கள்.

நீ கிளிநொச்சிப் பெண். குளத்தில் நீந்தி வளர்ந்தவள், கடலைக் கண்டது இரண்டு தரமோ மூன்று தரமோ. நானோ வாய்க்காலில் முழங்காலுக்கு மேல் இறங்காத வீரன். கலியாணம் கட்டிய புதிதில், நடுக்குளத்தில் நின்றுகொண்டு "இஞ்சேருங்கோ, தண்ணி உங்களைக் கடிக்காது, வாங்கோ" என்று கூப்பிட்டு, குளிக்க வந்த சனம் முழுவதையும் சிரிக்க வைத்தாய். நான் உன் துவாயைப் பிடித்துக்கொண்டு அணைக்கட்டில் இருந்தேன். தண்ணீருக்குப் பயந்த அந்த என்னைத்தான், இவரே கடலைக் கடந்துவிட்டார் என்று, பிறகு நீ அளவாக எடுத்தாய்.

என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே போனது. குடும்பத்தைக் கூப்பிடும் வழியும் அடைபட்டுவிட்டது என்று வழக்கறிஞர் சொன்னதை உனக்கு அப்படியே சொன்னேன். அதை மட்டும் மறைக்கவில்லை. ஒரு நாள் நான் வேலைக்கு ரயில் பார்த்து நிற்கும்போது நீ போன் எடுத்தாய். எங்கள் பிள்ளையை உன் அக்காவிடம் விட்டாயிற்று என்றாய். "நான் படகுக்கு வெளிக்கிட்டிட்டன். தடுக்காதேங்கோ. நீங்களே போய்ச் சேர்ந்திட்டீங்கள், எனக்கென்ன?" என்று சிரித்தாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் இருந்தது. ஏறத்தான் போகிறாள், பயத்தோடு ஏன் ஏற வேண்டும் என்று நினைத்தேனா, இத்தனை காலமும் பொய் சொன்னவன் என்று பிடிபட வெட்கப்பட்டேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "கவனமாப் போ" என்றேன். சந்தைக்குப் போகிறவளிடம் சொல்வதைக் கடலுக்குப் போகிற உன்னிடம் சொன்னேன், பாவி.

எட்டு மாதமாகிறது. அந்தப் படகைக் கண்டவர் ஒருவரும் இல்லை. எந்த முகாமைக் கேட்டாலும் உன் பெயரில் ஆள் இல்லை என்கிறார்கள். முதல் இரண்டு மாதமும் நம்பினேன், உனக்கென்று ஒரு குளிர்ச்சட்டைகூட வாங்கி வைத்தேன். இப்போது நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அம்மா முகாமில் இருக்கிறா, அங்கே போன் இல்லை என்று சொல்லி வைத்திருந்தேன். சொன்னது நான்தான், வேறு யார்? போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். "அப்பா, எனக்கும் படகில ஒரு இடம் கேளுங்கோவன். கடல் குளம் மாதிரித்தானாம், அம்மா சொன்னவா. நான் இப்ப நல்லா நீந்துவன்." ஒன்பது வயது. போனை வைத்துவிட்டேன்.

இன்று அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்து முடித்த பிறகு அவளுக்குப் போன் எடுத்தேன். அங்கே அப்போது மத்தியானம், பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டிருந்தாள். அக்காவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அலை வீட்டுக் கூரையைவிட உயரம் என்று. நான் பொய் சொன்னேன் என்று. அம்மா இனி வரமாட்டா என்று. அக்கா அழுகிற சத்தம் கேட்டது. பிள்ளை அழவில்லை.

"கடல் இப்பிடி எண்டு அம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. நான் சொல்லேல்லை."

அவள் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பக் கூப்பிட்டும் வரவில்லை. இனி என்னோடு கதைப்பாளோ தெரியாது. ஆனால் அவள் படகில் ஏறமாட்டாள். அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். என்னை வெறுக்கட்டும், கரையில் இருந்துகொண்டு வெறுக்கட்டும்.