உப்புக்காரர் குரல்

கங்கைகொண்ட சோழபுரம்,
3-5-2006

அன்புள்ள மாமாவுக்கு,

கமலவேணி எழுதுவது. அத்தை நலம், முந்திரி பொறுக்கப் போயிருக்கிறார்கள். குவைத்து வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதீர்கள்.

ஐப்பசியில், "புள்ள மண்டைய வெட்டவா பெத்தோம்"னு போனை வைத்தீர்கள். உங்கள் பேச்சை மீறி நான் பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிப்போய்க் காது ஆபரேஷன் செய்ய வைத்தேன். அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கோபம் இருக்கட்டும், சேதியைக் கேளுங்கள். நம் பிரியாவுக்குக் காது கேட்கிறது.

நரம்புக்குள் கரண்ட் கொடுத்துக் காது கேட்க வைப்பது ஆகாத காரியம் என்று ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே கையை விரித்தார்களாம். டாக்டரம்மா சொன்னார்கள். இப்போது காதோரம் அவரைக்கொட்டை மாதிரி ஒரு மிஷின், உள்ளே ஒரு கம்பி. அத்தையும், "ஆண்டவன் அடச்சத கரண்டு வந்து தொறக்குமா"ன்னு கேட்டவர்கள்தான். பிள்ளை சத்தத்துக்குத் திரும்பியதும் அழுதுவிட்டார்கள்.

பேச்சு வந்தால் கோயிலுக்கு மணி கட்டுவதாக அவர்கள் வேண்டிக்கொண்டது தெரியுமே? காது வந்ததும் பொறுக்காமல் கட்டிவிட்டார்கள். கட்டிய கையோடு பிள்ளை காதருகே ஆசையாய் ஓர் அடி. அவள் அலறி, மிஷினைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு வாரம் தொடவிடவில்லை. திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சரிடம் திட்டு வாங்கியது நான். "மொதல்ல வூட்டு ஆளுங்க கொரல் பழகட்டும்மா, மணியெல்லாம் அப்பறம்" என்றார்கள்.

காதால் கேட்டே பழக வேண்டும், இனிமேல் கை ஜாடையும் கூடாதாம். நாலு வருஷமாய் இந்த வீட்டில் என்னோடு பேசியது அவள் கைகள்தான். அதையும் நிறுத்திவிட்டு, அரிசி, உப்பு, காக்கா என்று பகலெல்லாம் நானே பேசுகிறேன். பைத்தியம் மாதிரி இருக்கிறது. ரொம்பத் தனியாய் இருக்கிறேன் மாமா.

உங்களுக்கு நாங்கள் வைத்த ஜாடை மீசை முறுக்குவது. ஜாடையை நிறுத்துமுன் கடைசியாய் உங்கள் போட்டோவைக் காட்டி, அப்பா பேசுவார், கேட்கலாம் என்று நான்தான் சொல்லிவைத்தேன். அதிலிருந்து ஆம்பிளைக் குரல் எது கேட்டாலும் மீசையை முறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். உப்புக்காரர், டவுன் பஸ் கண்டக்டர், ஒருவரையும் விடவில்லை. முகத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். அது அப்பா இல்லை என்று நான் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

நேற்று உப்புக்காரர் வந்து கூவினார். பிரியா எழுந்திருக்கவில்லை. விளையாடிக்கொண்டே, "அப்பா இல்ல" என்றாள். அவள் வாயில் வந்த முதல் பேச்சு அதுதான். அத்தை சந்தோஷத்தில் குலவையிட்டார்கள். நான் உங்கள் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நீங்களே வந்து கூப்பிட்டாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளோ?

என்னோடு பேச வேண்டாம். அவளோடு பேசுங்கள். போனில் முதலில் புரியாதாம், கேட்கக் கேட்கப் பழகுமாம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே? மணி அடித்ததும் போனை அவள் காதில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். கொஞ்சம் சத்தமாய்ப் பேசினால் எனக்கும் கேட்கும்.

நீங்கள் நன்றாயிருக்க அந்தச் சோழீசுவரன் துணை.

உங்கள்
கமலவேணி