என் ஓலையை நானே வாசித்தேன்

இயேசு மரி சூசை துணை

அணை ஓரம், ஏரியூர் வழி
18.5.1987

அன்புள்ள பாக்கியமேரி அக்காவுக்கு, தங்கை சகாயமேரி எழுதுவது.

நடந்ததை எல்லாம் நடந்தபடியே எழுதப் போகிறேன். கன்னியர் மடத்துக்குப் புறப்பட்ட அன்று தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் அதைத்தான் கேட்டீர்கள். "எல்லாரும் சுகம்னு மட்டும் எழுதாதே, உண்மையை எழுது" என்றீர்கள். உங்களுக்கு வரும் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். அதனால்தான் நீ என்று எழுதாமல் நீங்கள் என்று எழுதுகிறேன்.

அப்பா, அம்மா சுகம். நானும் உடம்பால் சுகம். ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் பத்தாம் வகுப்பில் உட்காருவேனா, இல்லை ராஜமேரி அத்தையின் மகன் சவரி மாமாவுக்கு மனைவியாகி இங்கேயே இருந்துவிடுவேனா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

லீவு விட்டதும் அத்தை நம் வீட்டுக்கு வந்தார். "புள்ள படிச்சுப் படிச்சு வத்திப் போச்சு, அணைத் தண்ணி ஓரமா இருந்து உடம்பைத் தேத்திக்கிட்டு வரட்டும்" என்றார். அம்மா துணிப்பையை எடுக்காமல் இரும்புப் பெட்டியை எடுத்தார். குளிர்காலத்துப் போர்வை வரை அதில் வைத்தார். நான் வைத்த கணக்குப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டார். அப்போது எனக்குப் புரியவில்லை.

முதல் பத்து நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். உண்மை என்றால் அதையும் எழுத வேண்டும் அல்லவா? இந்த வருஷம் மழை பொய்த்ததால் தண்ணீர் வெகுதூரம் இறங்கிவிட்டது. வெடித்துக் கிடக்கும் சேற்றைத் தாண்டிப் போனால்தான் கரை. அணை கட்டியபோது முழுகிய ஊரின் சுவர்கள் இப்போது வெளியே தெரிகின்றன. ஒரு வீட்டுப் படிக்கட்டில் நாரை நிற்கிறது. சேற்றில் வெள்ளரி போட்டிருக்கிறார்கள், பறித்து அங்கேயே தின்றோம்.

சாயந்திரமானால் சவரி மாமாவின் பரிசலில் போவோம். அத்தை ஒவ்வொரு முறையும் மாமாவின் குழந்தை பிலோமியை என் மடியில் வைத்து அனுப்புவார். மாமா அதிகம் பேசமாட்டார். "எந்திரிச்சு நிக்காத சகாயம், பாரம் மாறுனா கவுந்துரும்" என்பது ஒன்றைத்தான் அடிக்கடி சொல்வார். ஒருநாள் நடுத்தண்ணீரில் துடுப்பை நிறுத்திச் சிலுவை அடையாளம் போட்டார். ஏன் என்று கேட்டேன். "ராணிய பிரசவத்துக்கு அக்கரைக்குக் கொண்டு போனேன். இந்த எடத்துலதான் பேச்சை நிறுத்துச்சு" என்றார். மாமாவின் மனைவி ராணியம்மாள் அக்காவும் இரண்டாவது குழந்தையும் இறந்துபோனது கேள்விப்பட்டதுதான், ஆனால் அது இதே பரிசலில் என்று எனக்குத் தெரியாது. கரைக்கு வரும்போது, "பிலோமிக்கு உன் மடி பழகிருச்சு" என்றார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஞாயிறுதோறும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். இண்டூரிலிருந்து புஷ்பமேரி சின்னத்தை வந்து தன் வளையலைக் கழற்றி என் கையில் மாட்டி அளவு பார்த்தார். என்னைக் களி கிண்டச் சொன்னார்கள். கட்டி தட்டிவிட்டது. "பொஸ்தகம் பொரட்டற கைக்குக் களி வணங்குமா?" என்று சின்னத்தை கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "வூட்டுக்குன்னு வந்துட்டா கை தானா வந்துரும்" என்றார். யார் வீட்டுக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இனி நேற்று நடந்தது. இங்கே இருப்பது சின்னக் கோயில். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஞானராஜ் ஜெபம் சொல்வார். அவருக்குக் கண்ணில் புரை. நான் வந்ததிலிருந்து வாசகங்களை என்னை வாசிக்கச் சொல்கிறார். எனக்கு அதில் பெருமை இருந்தது. நேற்று அப்பாவும் வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமென்று சத்தமாகவே வாசித்தேன். முடிந்ததும் உபதேசியார் பங்குக் கோயிலிலிருந்து வந்த அறிவிப்புத் தாளையும் என்னிடமே நீட்டினார்.

முதலில் மே மாத மாதா ஜெபமாலை நேரம். அடுத்தது மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலை. ஏரியூர் வழி சவரி என்பவருக்கும், தருமபுரி சின்னப்பராஜ் மகள் சகாயமேரி என்பவருக்கும் என்று வாசித்தேன்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்ணம்மாள் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. வாசிக்க எழுந்தால் என்ன ஆனாலும் முற்றுப்புள்ளிவரை வாசி என்பார். "இது முதல் ஓலை. இவர்களுக்குள் திருமணத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்பதுவரை வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். குரல் உடையவே இல்லை.

அதுதான் தப்பாகிவிட்டது. வெளியே வந்ததும், "தன் ஓலையைத் தானே கணீர்னு வாசிச்ச பொண்ணை இப்பத்தான்டி பாக்கறேன்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "இனிமே இவகிட்ட என்ன சம்மதம் கேக்கணும்? சாமி முன்னாடி அவளே சொல்லிட்டா" என்றார். எனக்கு இஷ்டமில்லை, படிக்க வேண்டும் என்று அப்போதே சொன்னேன். "வாசிக்கறப்ப இனிச்சுது, வந்து பொழைக்கக் கசக்குதா?" என்று சின்னத்தை கேட்டார்.

இன்று காலை அப்பா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பின்னாலேயே ஓடினேன். அப்பா நிற்கவில்லை. "உங்கக்கா மடத்துக்குப் போனப்பவே, அவளைச் சவரிக்குக் குடுக்கறேன்னு சொன்ன வாக்கு தவறி எங்கக்கா முன்னாடி தலை குனிஞ்சேன். ரெண்டாந்தரம் குனிய முடியாது" என்றார். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் போனது சாமியிடம்.

எனக்கு வயது போதாதே என்று அத்தையிடம் கேட்டேன். "பதினெட்டு முடிஞ்சுருச்சுன்னு கோயில் புஸ்தகத்துல இருக்குது, ஞானஸ்நானச் சீட்டை உங்கப்பன்தான் வாங்கிக் குடுத்தான்" என்றார். வெகுநேரம் யோசித்தபிறகுதான் புரிந்தது. எனக்கு முன்னால் பிறந்து பால் குடிக்கும்போதே இறந்த நம் பாப்பாவுக்கும் சகாயமேரி என்றுதான் ஞானஸ்நானம். அவள் பெயரையே எனக்கு வைத்தார்கள். அவள் இருந்திருந்தால் இப்போது பதினெட்டு முடிந்திருக்கும். செத்துப்போன பாப்பாவின் வயதில் எனக்குக் கல்யாணம் பண்ணுகிறார்கள் அக்கா. அத்தை மகன் என்ற உறவுத் தடைக்கு ஆயரிடம் அனுமதி வாங்கிவிட்டார்களாம். வயதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

இதை உபதேசியாரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தியமா எனக்குத் தெரியாது தாயீ, தெரிஞ்சிருந்தா தாளை உன் கையில குடுப்பேனா?" என்றார். நான் சொன்னால் பயத்தில் சொல்கிறேன் என்பார்களாம், பாப்பாவை நேரில் பார்த்த பெரியவர் யாராவது சாமியாரிடம் சொன்னால்தான் ஓலை நிற்குமாம். அம்மா சொல்லமாட்டார். பாப்பாவின் சவப்பெட்டிமேல் நீங்கள் மல்லிகைப்பூ வைத்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை உபதேசியார்தான் நாளை ஏரியூரில் தபாலில் சேர்க்கப் போகிறார்.

வரும் ஞாயிறு இரண்டாவது ஓலை. அதையும் நானே வாசித்தால் அழகாக இருக்கும் என்கிறார் அத்தை.

மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கு: இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று நான் என் வாயாலேயே வாசித்தேன். இப்போது உங்களுக்கும் தெரியும். அக்காவிடம் இதைக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

அக்கா, உங்கள் வார்த்தைப்பாடு நல்லபடியாக நடக்க தினமும் ஜெபமாலையில் வேண்டுகிறேன். மாதா உங்களைக் காப்பாற்றட்டும். அக்கா, நீ வந்துவிடு.

இப்படிக்கு,
உன் தங்கை
சகாயமேரி

அத்தை விளக்கை அணைத்துவிட்டார்.